பாரவூர்திக் கண்ணாடியில் கமரா: அங்குலத்துக்கு விதி உண்டு, பார்வைக்கு?

கடந்த மாதம் ஒருநாள் இரவு கனடாவிலிருந்து என் பள்ளித் தோழன் அழைத்தான். கிளிநொச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அவன் இப்போது ஒன்ராறியோவிலிருந்து விண்சர் - டிட்ரொயிட் எல்லையைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் பாரவூர்திச் சாரதி. அன்று மிச்சிகன் மாநிலத்தில் வீதியோரப் பரிசோதனைக்கு அவனை மறித்திருக்கிறார்கள். பிறேக், டயர், விளக்கு எல்லாவற்றையும் பார்த்த பரிசோதகர், கடைசியில் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கமராவை அளவுநாடா பிடித்து அளந்திருக்கிறார். அளவு சரியாக இருந்தது. போக விட்டுவிட்டார்.

"கமரா எத்தினை அங்குலம் கீழை நிக்குது எண்டு வடிவா அளந்தவன் மச்சான். அது என்னை எத்தினை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு ஒருத்தரும் அளக்கேல்லை" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அழைப்பு முடிந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அந்த விதியைத் தேடி வாசித்தேன். அது எப்படி வந்தது, ஏன் மாறியது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்தேன். எங்கள் வீதிகளிலும் சாரதியைப் பார்க்கும் கமராக்கள் பற்றிய பேச்சு தொடங்கிவிட்ட நேரத்தில், அந்த விதியில் எங்களுக்குப் பாடங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். பின்பற்ற வேண்டியதும் இருக்கிறது, பார்த்துத் தவிர்க்க வேண்டியதும் இருக்கிறது.

அங்குலக் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவில் மாநில எல்லைகளைக் கடந்து ஓடும் வர்த்தக வாகனங்களுக்குச் சமஷ்டி அரசின் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். கனடாவில் பதிவான பாரவூர்தியாக இருந்தாலும் அந்த மண்ணில் ஓடும்வரை அதற்கும் இவைதான். அந்த விதித்தொகுப்பின் 393.60 ஆவது பிரிவு முன்கண்ணாடி பற்றியது. கண்ணாடியில் எவ்வளவு வெடிப்பு இருக்கலாம், எங்கே நிறம் பூசலாம், எதை ஒட்டலாம் என்பதெல்லாம் அதில் உண்டு.

கண்ணாடியில் ஒரு பொருளை எங்கே ஒட்டுவது என்பது சின்ன விடயம் போலத் தெரியும். அப்படியல்ல. பத்து சென்ரிமீற்றர் அகலமான ஒரு பெட்டி, கண்ணிலிருந்து எண்பது சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், நாற்பது மீற்றர் தூரத்தில் ஐந்து மீற்றர் அகலமான இடத்தை அது மறைக்கும். வீதியைக் கடக்கும் ஒரு குடும்பமே அந்த ஐந்து மீற்றருக்குள் மறைந்துவிடும். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது மறைப்புக் குறையும், இல்லாமற் போகாது. அங்கு ஓடும் முழுப்பாரம் ஏற்றிய ஒரு வண்டி 36 தொன் வரை எடை கொண்டது. நெடுஞ்சாலை வேகத்தில் அது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 29 மீற்றர் போகும். சாரதி ஒரு செக்கன் பிந்திக் கண்டால் அந்த 29 மீற்றரும் போய்விட்டது.

ஆகவே பழைய விதி கடுமையாக இருந்தது. அன்ரனா போன்ற பொருட்களைக் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் மட்டும், அதுவும் வைப்பர் துடைக்கும் பரப்புக்கு வெளியே, வீதியையும் சமிக்ஞைகளையும் சாரதி பார்க்கும் கோட்டுக்கும் வெளியே பொருத்த வேண்டும்.

பிரச்சினை கமராக்கள் வந்தபோது எழுந்தது. வைப்பர் துடைக்காத இடத்தில் கமராவை வைத்தால் மழையிலும் சேற்றிலும் அதற்குக் கண் தெரியாது. முன்னால் போகும் வாகனத்தை மோதப்போகிறாய் என்று எச்சரிக்கும் கருவி, நிரற்கோட்டை விட்டு விலகுகிறாய் என்று சொல்லும் கருவி, எல்லாவற்றுக்கும் துடைத்த கண்ணாடி வேண்டும். சாரதியின் பார்வைக்காக எழுதப்பட்ட விதி, சாரதிக்கு உதவ வந்த கருவிக்குத் தடையாகிவிட்டது.

விதி மாறிய முறை

இந்த முரண்பாட்டை அவர்கள் தீர்த்த வழி கவனிக்கத்தக்கது. விதியை ஒரே நாளில் தூக்கி எறியவில்லை. கமரா நிறுவனங்களும் வாகன உற்பத்தியாளர்களும் ஒவ்வொருவராகத் தற்காலிக விலக்குக் கேட்டு விண்ணப்பித்தார்கள். விலக்குக் கேட்பவர், விதியைப் பின்பற்றினால் கிடைக்கும் அளவு பாதுகாப்போ அதைவிடக் கூடியதோ கிடைக்கும் என்று காட்ட வேண்டும். விண்ணப்பம் அரச வர்த்தமானியில் வெளியாகும். யாரும் கருத்து எழுதலாம். விலக்கு குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பாதுகாப்புக் குறைவது தெரிந்தால் திரும்பப் பெறப்படும்.

2015 டிசம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய தரைப் போக்குவரத்துச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளைக் கண்ணாடியில் பொருத்த நிரந்தரமாக இடம்கொடுக்கும்படி நிர்வாகத்தைப் பணித்தது. அதன்படி 2016 இல் புதிய விதி வந்தது. வைப்பர் துடைக்கும் பரப்பின் மேல்விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே வரையும், அதன் கீழ்விளிம்பிலிருந்து 7 அங்குலம் மேலே வரையும் பொருத்தலாம். சாரதியின் பார்வைக் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே தொடர்ந்தது.

கருவிகள் வளர்ந்தன. 4 அங்குலம் போதவில்லை. திரும்பவும் விலக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. விலக்குகளின் கீழ் ஓடிய வாகனங்களில் பாதுகாப்புக் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கண்ட நிர்வாகம், 2021 யூலையில் புதிய முன்மொழிவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 2022 மார்ச்சில் இறுதி விதி வந்தது. மே 6 முதல் நடைமுறை. 4 அங்குலம் 8.5 அங்குலமாகியது, அதாவது 216 மில்லிமீற்றர். ஓர் ஏ4 தாளின் அகலத்தைவிடச் சற்றுக் கூட. என் நண்பனின் கண்ணாடியில் பரிசோதகர் அளந்தது இதைத்தான்.

இந்த விதி எவரையும் கமரா பொருத்தும்படி கட்டாயப்படுத்தவில்லை. பொருத்துவதாயின் எங்கே என்று மட்டும் சொல்கிறது. பொருத்துவதா இல்லையா என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது.

ஒரு சின்னப் பெட்டியின் இடத்தை நான்கரை அங்குலம் இறக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை பக்கங்கள்! இதை வாசித்தபோது எனக்கு எங்கள் நாட்டு முன்கண்ணாடிகள் நினைவுக்கு வந்தன. 2025 ஜனவரியில் 'கிளீன் சிறீலங்கா' திட்டத்தின் பெயரில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக பொருத்துகளைக் கழற்றத் தொடங்கினார்கள். கண்ணாடியை மறைக்கும் அலங்காரங்களைக் கழற்றுவதில் தவறில்லை. பிள்ளையாரோ புத்தரோ, பார்வையை மறைத்தால் ஆபத்துத்தான். ஆனால் எது கூடும், எது கூடாது, எத்தனை அங்குலம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் உரிமையாளர்களின் குறையாக இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகுதான் கால அவகாசம் வந்தது. எங்களிடம் முதலில் நடவடிக்கை, பிறகு விளக்கம். தமிழில் விளக்கம் வருவது அதற்கும் பிறகு.

இரண்டு கண்கள்

ஆனால் அந்த அமெரிக்க விதியை மெச்சிக்கொண்டே போக முடியவில்லை. நண்பனின் பேச்சு அங்கேதான் வந்து இடிக்கிறது.

அவனுடைய கமராவுக்கு இரண்டு கண்கள். ஒன்று வீதியைப் பார்க்கிறது. மற்றது அவனைப் பார்க்கிறது. 2022 ஆம் ஆண்டு விதி, 'வாகனப் பாதுகாப்புத் தொழில்நுட்பம்' என்ற வரைவிலக்கணத்தை விரித்தபோது அதற்குள் 'சாரதிக் கமரா முறைமை'யையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கமராவும் 8.5 அங்குல எல்லைக்குள் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஆனால் அது எப்போது பார்க்கலாம், பார்த்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாருக்குக் காட்டலாம் என்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. கமரா சாரதியிடமிருந்து எதை மறைக்கிறது என்பது மட்டுமே அதன் கவலை. சாரதி கமராவிடமிருந்து எதை மறைக்கலாம் என்பது அதன் கவலையல்ல.

நேர்மையாகச் சொல்வதானால், இந்தக் கமராக்களால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நாட்டில் பெரிய பாரவூர்திகள் சம்பந்தப்பட்ட விபத்துக்களில் வருடத்துக்கு 5,000 இற்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் பெரும்பாலானோர் பாரவூர்தியில் இருந்தவர்களல்லர், மற்ற வாகனங்களில் வந்தவர்கள். எல்லாப் பெரிய பாரவூர்திகளிலும் காணொளிக் கண்காணிப்பு முறைமை இருந்தால் வருடத்துக்கு 63,000 வரையான விபத்துக்களையும் 293 வரையான உயிரிழப்புகளையும் தவிர்க்கலாம் என்று 2017 இல் ஏஏஏ வீதிப் பாதுகாப்பு மன்றம் மதிப்பிட்டது. அந்த உயிர்களை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு அந்தரங்கம் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

என் நண்பனே வீதியைப் பார்க்கும் கண்ணுக்கு நன்றி சொல்கிறவன். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கார் அவனுடைய நிரைக்குள் குறுக்கே புகுந்து பிறேக் அடித்தது. பின்னால் மோதியவன் இவன். பின்னால் மோதியவன்மேல்தான் பழி என்பது எந்த நாட்டிலும் முதல் நினைப்பு. கமராப் பதிவு இருந்ததால் அன்றே விடயம் முடிந்தது. "அது இல்லையெண்டா என்ரை லைசென்ஸ் போயிருக்கும்" என்று அவனே ஒத்துக்கொள்கிறான்.

மற்றக் கண்தான் அவனுக்குச் சிக்கல். அது கொட்டாவியை எண்ணுகிறது. கண் எங்கே போகிறது என்று பார்க்கிறது. கையில் தொலைபேசி இருப்பதாகச் சந்தேகித்தால் சத்தம் போடுகிறது, பதிவை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. ஒருமுறை அவன் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்ததைத் தொலைபேசி என்று அது நினைத்துக்கொண்டது. இன்னொருமுறை தாடியைச் சொறிந்ததற்கு எச்சரிக்கை வந்தது. ஒவ்வொன்றும் அவனுடைய புள்ளிக் கணக்கில் ஏறுகிறது. விளக்கம் எழுதிக் கொடுத்தால் சில நேரம் எடுத்துவிடுவார்கள், சில நேரம் பதிலே வராது. நீண்ட தூரம் ஓடும் சாரதிக்கு அந்த வண்டிக்குள் உள்ள கட்டில்தான் படுக்கையறை. ஓய்வு நேரத்தில் கமரா உண்மையிலேயே நிற்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. ஒரு துணித்துண்டை அதன்மேல் போட்டுவிட்டுத்தான் படுக்கிறான்.

இது அவன் ஒருவனின் மனக்குறை அல்ல. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023 இல் சாரதிகளிடம் கருத்துக் கேட்டபோது, தங்களை நோக்கிய கமராவுக்குப் பத்துக்குச் சராசரியாக 2.24 புள்ளிதான் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் சாரதிகளின் சங்கமல்ல, போக்குவரத்துத் துறையின் ஆய்வு அமைப்பு. ஒரு கருவி எவ்வளவு நன்மை தந்தாலும், அதன் கீழ் வேலை செய்கிறவர்கள் அதை இவ்வளவு வெறுத்தால் எங்கோ பிழை இருக்கிறது.

விதி விட்ட இடத்தை நிரப்பியவர்கள்

விதி பேசாத இடத்தில் வேறு சிலர் பேசியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்வது எங்களுக்குப் பயன்படும்.

முதலாவது நீதிமன்றம். கமராவுக்கு முன்பே, சாரதியின் வேலை நேரத்தை மின்னணுக் கருவியால் பதிவுசெய்யும் விதி வந்தது. சொந்தமாக வண்டி ஓட்டும் சாரதிகளின் சங்கம் அதற்கு எதிராக வழக்குப் போட்டது. 2011 ஆகஸ்டில் சிக்காகோவில் உள்ள ஏழாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை இரத்துச் செய்தது. அந்தக் கருவி சாரதியைத் துன்புறுத்தப் பயன்படாது என்பதை நிர்வாகம் உறுதிசெய்யத் தவறியது என்பதே காரணம். பிறகு 2015 இல் வந்த புதிய விதியில் துன்புறுத்தலுக்கு எதிரான ஏற்பாடுகள் எழுதப்பட்டன. சங்கம் அதையும் எதிர்த்து வழக்காடித் தோற்றது. ஆனால் அந்த ஏற்பாடுகள் நிலைத்தன. கருவி வந்தது, வெறுமனே வரவில்லை.

இரண்டாவது தொழிற்சங்கம். 2023 இல் யூபிஎஸ் நிறுவனத்துடன் ரீம்ஸ்ரர்ஸ் தொழிற்சங்கம் செய்த ஒப்பந்தத்தில், சாரதியை நோக்கிய கமரா வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அரசு செய்யாததை ஒரு மேசையில் இருந்து பேசிச் செய்தார்கள். ஆனால் பின்னால் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்ததால்தான் அந்த மேசையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஐந்து வண்டி வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்யும் என் நண்பனுக்கு அப்படி மேசை இல்லை.

மூன்றாவது மாநிலச் சட்டம். இல்லினோய் மாநிலம் 2008 இலேயே, ஒருவருடைய கைரேகை, முக அளவு போன்ற உடல் அடையாளங்களை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. ஒரு ரயில் நிறுவனத்தின் முற்றத்துக்குள் நுழையும் பாரவூர்திச் சாரதிகளிடம் சம்மதமில்லாமல் கைரேகை எடுத்த வழக்கில், 2022 ஒக்டோபரில் ஜூரிகள் சாரதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். 228 மில்லியன் டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. பின்னர் அது 75 மில்லியன் டொலருக்கு இணக்கமாக முடிந்தது. சாரதிகளின் முகத்தை அளக்கும் கமராக்கள் தொடர்பாகவும் அதே சட்டத்தின் கீழ் வழக்குகள் போடப்பட்டன. வர்த்தகத் தரப்பின் அழுத்தத்துக்குப் பிறகு 2024 இல் அந்தச் சட்டத்தின் இழப்பீட்டு ஏற்பாடு குறைக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். வென்ற உரிமையும் அப்படியே நிற்பதில்லை.

இதில் எங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வொஷிங்டன் அங்குலம் அளந்துவிட்டு நிறுத்திக்கொண்டது. இல்லினோய் மாநிலம் வொஷிங்டனைக் காத்திருக்காமல் தன் எல்லைக்குள் சட்டம் செய்தது. அதிகாரம் ஓர் இடத்தில் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சாரதிகளுக்கு அந்த வழக்கே இருந்திருக்காது. சமஷ்டி என்ற சொல் எங்களிடையே கொடி, தேர்தல் அறிக்கை, மேடைப் பேச்சு என்று மட்டும் ஆகிவிட்டது. ஒரு லொறிச் சாரதியின் முகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியிலும் அது வேலை செய்கிறது.

எங்கள் வீதிகளில்

இனி வீட்டுக்கு வருகிறேன். 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பஸ் கொத்மலையில் பள்ளத்தில் விழுந்து 20 இற்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதன் பின்னர் நெடுந்தூர பஸ்களில் சாரதியின் தூக்கத்தையும் கவனச் சிதறலையும் பிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொருத்துவது பற்றி அரச தரப்பில் பேசப்பட்டது. கொழும்பில் 2024 ஜனவரி முதல் கண்காணிப்புக் கமராக்களைக் கொண்டு வீதி ஒழுங்கு மீறலுக்குத் தண்டப் பத்திரம் அனுப்பும் முறை நடக்கிறது. இது வடக்குக்கு வரப் பல காலம் எடுக்கும் என்று நினைத்தால் அது தவறு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் பஸ்கள்தான் இந்த நாட்டின் மிக நீண்ட ஓட்டங்களில் சில. கருவி வருமானால் ஏ9 வீதிக்கு முதலில் வரும்.

வர வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த வீதியில் பஸ்ஸில் இருந்தவர் எவருக்கும், சாரதி கண்ணயர்ந்தால் என்னவாகும் என்ற பயம் தெரியும். மீனும் மரக்கறியும் ஏற்றி இரவிரவாக ஓடிவிட்டு, திரும்பும் வழியில் தூங்கி மரத்தில் மோதிய லொறிகளின் செய்தியை எத்தனை தடவை எழுதியிருப்போம்? போரில் தப்பியவர்கள் வீதியில் சாவதைப் பார்க்க எங்களுக்கு இன்னும் தெம்பில்லை.

ஆனால் கமரா என்றதும் எங்கள் மக்களுக்கு முதலில் வருவது பாதுகாப்பு என்ற எண்ணமல்ல. என் நண்பனின் தகப்பன் லொறி வைத்திருந்தவர். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஏற்றிய பொருள் அத்தனையையும் இறக்கி, காட்டி, பெயர் பதிந்து, திரும்ப ஏற்றியவர். அங்கு எழுதப்பட்ட பெயர்ப் பட்டியல்கள் எங்கே போயின, யார் வாசித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இன்றும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் இருந்தாலும், மே மாதத்தில் ஒரு விளக்கு ஏற்றினாலும், மறுபக்கத்தில் ஒருவர் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்பார். அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்று கேட்க எங்களுக்கு ஓர் அலுவலகம் இல்லை. இப்படிப்பட்ட ஓர் ஊரில், ஒரு பஸ்ஸுக்குள் நாளும் பொழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் கமரா சாரதியை மட்டும் பார்க்காது. முன் இருக்கையில் இருப்பவர் யார், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பதையும் பார்க்கும்.

கமரா வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அங்குல விதி முதலில் வந்தது, பார்வை பற்றிய விதி வரவே இல்லை, இடைவெளியை வழக்குகள் நிரப்பின. வழக்குப் போடப் பணமும் காலமும் துணிவும் வேண்டும். எங்கள் பஸ் சாரதிக்கும் லொறிச் சாரதிக்கும் அவை இல்லை. ஆகவே எங்களிடம் இரண்டு விதியும் ஒன்றாக வர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. கமரா கண்ணாடியில் எங்கே இருக்கும், சாரதியின் பார்வையை மறைக்காது என்று யார் அளப்பார்? அது வீதியை மட்டும் பார்க்குமா, சாரதியையுமா, பயணிகளையுமா? பதிவு எத்தனை நாள் இருக்கும்? விபத்தோ முறைப்பாடோ இல்லாமல் ஒருவர் அதை எடுத்துப் பார்க்க முடியுமா? பொலிஸாரோ புலனாய்வாளரோ கேட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டுமா, ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமா? கருவி பிழையாகக் குற்றம் சாட்டினால் சாரதி யாரிடம், எந்த மொழியில் முறையிடலாம்?

இவற்றுக்குச் சட்டத்தில் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கமராவை இறக்குமதி செய்யும் வேகத்தில் அந்தச் சட்டமும் ஓட வேண்டும் என்று எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். ஒவ்வொரு வரவு செலவுத் திட்ட விவாதத்திலும் போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு நாள் உண்டு. வீதிகளின் குண்டு குழி பற்றிப் பேசும் அதே பேச்சில் இதற்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் அனுமதிப்பத்திரம் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே இந்த ஏற்பாடுகளை எழுதலாம். கொழும்பிலிருந்து எல்லாம் வரும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. ஆனால் வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு நடப்பது ஆளுநரின் நிர்வாகம். இல்லினோய் செய்ததில் கால்வாசியைக்கூடச் செய்ய ஒரு சபை கூட வேண்டும். இருக்கிற சின்ன அதிகாரத்தையும் பூட்டி வைத்துக்கொண்டு பெரிய அதிகாரம் பற்றி மட்டும் பேசுவதில் எங்கள் கட்சிகளுக்கும் பங்கு உண்டு.

பஸ் உரிமையாளர் சங்கங்களும் சாரதிகளும் நடத்துநர்களும் இதில் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள். கருவி வந்த பிறகு வேலைநிறுத்தம் செய்வதைவிட, வருமுன் எழுத்தில் நிபந்தனை கேட்பது இலகு. விபத்தில் பிழையில்லை என்று காட்ட வீதிப் பதிவு சாரதிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதில் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். நிறுவனத்துக்கு மட்டும் திறக்கும் பெட்டியில் இருக்கும் சாட்சி, சாரதிக்குச் சாட்சியல்ல.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது நண்பனிடம் ஒரு கேள்வி கேட்டேன். நாளைக்கு உன்னிடம் கேட்டால், அந்தக் கமராவை முழுவதுமாகக் கழற்றிவிடச் சொல்வாயா? கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "முன்னுக்குப் பாக்கிறது நிக்கட்டும். என்னைப் பாக்கிறதை, நான் படுக்கேக்கை நானே நிப்பாட்ட ஒரு சுவிச் தந்தாக் காணும்."

சிக்காகோவுக்குப் போகும் வழியில், வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னான். இன்னும் பத்து நிமிடத்தில் புறப்பட வேண்டும் என்று சொல்லி அழைப்பை வைத்தான்.